கடல்நீர் அளப்பவர் வீட்டு அம்மை

ஒன்று இல்லை என்று சொல்ல ஒரு மனிதர் எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டும்? ஒரு நாளா, ஒரு வாரமா? அவ்வளவு காத்திருந்த பிறகும் "என் கருவிக்குத் தெரியவில்லை" என்று மட்டுமே அவரால் சொல்ல முடியும் என்றால், மிச்சமிருக்கும் அந்தச் சின்ன இடைவெளியில் அவர் எப்படிக் குடியிருப்பது? இண்டூர் அர்ச்சுனனின் வாழ்க்கையை யோசிக்கும்போது இந்தக் கேள்விதான் முதலில் வந்து நிற்கிறது. அவர் இதை ஒருபோதும் இப்படிக் கேட்டுக்கொண்டவர் அல்ல. சம்பளத்துக்காக ஒரு வேலை செய்தார். அந்த வேலையில் இந்தக் கேள்வி தினமும் இருந்தது.

தருமபுரிக்கு வெளியே இருக்கும் ஒரு தனியார் கல்லூரியின் இயற்பியல் ஆய்வகத்தில் அவர் டெக்னீஷியன். கடல் அங்கிருந்து இருநூறு கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கிறது. ஆனாலும் கடல்நீரில் கதிர்வீச்சுப் பொருள் எவ்வளவு கலந்திருக்கிறது என்று அளப்பதுதான் பத்து வருஷமாக அவருடைய முக்கிய வேலை. கதிர்வீச்சைப் பிரித்துப் பார்க்கும் ஜெர்மானியம் டிடெக்டர் ஒன்றை, இந்தப் பக்கத்துக் கருங்கல் பாறையில் போட்ட போர்வெல் தண்ணீரை ஆராய்வதற்காகக் கல்லூரி வாங்கியிருந்தது. அந்த ஆராய்ச்சி முடிந்ததும் கருவி சும்மா இருந்தது. கடற்கரைப் பக்கம் ஒரு கல்லூரிக்குக் கருவி இல்லை, தண்ணீர் மட்டும் இருந்தது. பேராசிரியர் கலைவாணன் இரண்டையும் சேர்த்துவைத்தார். தண்ணீர் வந்து சேர வழி சொன்னவர் அர்ச்சுனன். அவருடைய தம்பி ராஜா பாலக்கோட்டில் தக்காளி ஏற்றிக்கொண்டு நாகப்பட்டினம் வரை வேன் ஓட்டுகிறவன். திரும்பும்போது வண்டி காலி. காலித் தக்காளிப் பெட்டிகளுக்கு நடுவில் ஐம்பது லிட்டர் கேன்களில் கடல் ஏறி வந்தது.

வேலை இப்படி. கேனில் கொஞ்சம் அமிலம் விட்டு, மஞ்சள் நிற ரசாயனப் பொடி ஒன்றைப் போட்டுக் கலக்க வேண்டும். அந்தப் பொடி தண்ணீரிலுள்ள சீசியம் என்ற கதிர்வீச்சுப் பொருளை மட்டும் பிடித்துக்கொண்டு அடியில் தங்கும். மேலே தெளிந்த தண்ணீரைக் குழாய் வைத்து இறக்கிவிட்டுப் பொடியை உலர்த்தி, சின்ன பிளாஸ்டிக் கிண்ணத்தில் அடைத்து, ஈயக் கட்டிகளால் சுற்றியடைத்த பெட்டிக்குள் டிடெக்டரின் தலையில் வைக்க வேண்டும். பிறகு எண்பதாயிரம் வினாடி. ஏறக்குறைய ஒரு பகலும் ஓர் இரவும். ஏதாவது இருந்தால் திரையில் அந்தப் பொருளுக்குரிய இடத்தில் ஒரு கூர் எழும். பெரும்பாலும் எழுவது மணல் மேடு மாதிரி ஒரு வீக்கம்தான். பல பத்தாண்டுகளுக்கு முன் யாரோ வெடித்துப் பார்த்த குண்டுகளின் எச்சம் இன்னும் கடலில் இருக்கிறது என்பதற்கு அது சாட்சி. சில கேன்களில் அதுவும் இருக்காது. அப்போது அவர் பூஜ்யம் என்று எழுத மாட்டார். "அளக்கும் எல்லைக்குக் கீழே" என்றுதான் எழுதுவார்.

அவர் தைரியசாலி அல்ல. கேஸ் அடுப்பை மூன்று முறை பார்த்துவிட்டுப் படுப்பார். பஸ்ஸில் முன் சீட்டில் உட்கார மாட்டார். வேலையில் அவர் காட்டிய நேர்மையைப் பலரும் புகழ்ந்தார்கள். அது நேர்மைதானா, தப்பாகச் சொல்லிவிடுவோமோ என்ற பயமா என்பதை யாரும் பிரித்துப் பார்த்ததில்லை.

அவருடைய மனைவி கலைமதிக்குக் கழுத்தில் கட்டி வந்தது. பெங்களூரில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் தைராய்டு சுரப்பியை எடுத்தார்கள். வீட்டில் எல்லோருக்கும் அது வெறும் கட்டி. எடுத்ததைச் சோதித்தபோது புற்றுநோய் என்று தெரிந்தது அவர்கள் இருவருக்கு மட்டும். சொல்ல வேண்டாம் என்று கலைமதி கேட்டுக்கொண்டாள். காரணம் இருந்தது. அவர்களுக்குக் குழந்தை இல்லை. அதே வீட்டில் இருக்கும் தம்பி மனைவி யுவராணிக்கு இரண்டு முறை கலைந்து, மூன்றாவதாக ஐந்தாம் மாதம் நடந்துகொண்டிருந்தது. அந்த வீட்டில் எல்லோரும் மெதுவாக நடந்தார்கள், மெதுவாகப் பேசினார்கள். இந்த நேரத்தில் அந்த நோயின் பெயர் வீட்டுக்குள் வந்து, அதன் பிறகு யுவராணிக்கு ஏதாவது ஆகிவிட்டால் பிள்ளையில்லாதவளின் கண் பட்டது என்றுதான் பேச்சு வரும். கலைமதிக்கு நோயைவிட அந்தப் பேச்சுதான் பயமாக இருந்தது.

ஏப்ரலில் மிச்ச சிகிச்சை நடந்தது. கதிர்வீச்சு அயோடினை ஒரு மாத்திரையாகக் கொடுத்தார்கள். மூன்று நாள் தடித்த சுவருள்ள அறையில் தனியாக வைத்திருந்து வீட்டுக்கு அனுப்பினார்கள். இரண்டு வாரம் தனி அறை, தனித் தட்டு, தனித் துணி. வியர்வையிலும் எச்சிலிலும் மருந்து கொஞ்சம் கொஞ்சமாக வெளியேறும். கர்ப்பிணிகளும் குழந்தைகளும் கிட்டே வரக் கூடாது. வீட்டில் கர்ப்பிணி இருந்தால் வேறு இடத்தில் தங்கச் சொன்னார்கள். கலைமதியின் பிறந்த வீடு அரூரில். அங்கே அவளுடைய அண்ணன் பிள்ளைகள் இரண்டும் கைக்குழந்தைகள். போக வேறு இடம் இல்லை.

வாடகைக் காரில் வந்து இறங்கியதும் அர்ச்சுனன் மனைவியைக் கொல்லைப்புறம் தனியாக இருக்கும் அறையில் விட்டார். அதற்குத் தனிக் கழிவறை உண்டு. அம்மா தீர்த்தம்மாள் பின்னாலேயே வந்தாள்.

"ஏன்டா, நெல்லா இருக்கறவள என்னாத்துக்குப் பின்னாடி வூட்டுல வுடற?"

காரில் வரும் வழியெல்லாம் அவர் யோசித்துவைத்திருந்த பதில்கள் ஒன்றும் நினைவுக்கு வரவில்லை. "அம்மை போட்டிருக்கும்மா" என்றார்.

"மூஞ்சில ஒரு முத்துக்கூட காணோமே."

"முதுகுல ரெண்டு இருக்குது. ஆஸ்பத்திரில ஒட்டிக்கிச்சு."

தீர்த்தம்மாள் அறையைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டாள். அதோடு கேள்வி முடிந்தது. அரை மணியில் வாசலில் வேப்பிலை தொங்கியது, படுக்கையில் விரிக்க ஒரு கட்டு வேப்பிலையும் வாசற்படிக்கு வந்தது. அக்கம்பக்கத்தில் செய்தி போயிற்று. இனி யாரும் உள்ளே வர மாட்டார்கள். தட்டு தனி, துணி தனி, படுக்கை தனி. ஆஸ்பத்திரி சொன்ன ஒவ்வொரு விதிக்கும் அம்மன் பெயரில் ஒரு விதி ஏற்கெனவே இருந்தது. அன்று அர்ச்சுனன் வயிறாரச் சாப்பிட்டார். பொய் இவ்வளவு நன்றாகப் பொருந்தும் என்று அவர் எதிர்பார்க்கவில்லை.

மறுநாள் ஆய்வகத்திலிருந்து கையளவு மீட்டர் ஒன்றைச் சட்டைக்குள் வைத்து எடுத்துவந்தார். மாலையில் தோட்டத்தைப் பார்ப்பவர்போல் கொல்லைப்புற அறையின் சுவரை ஒட்டி நடந்தார். கலைமதியின் கட்டில் இருக்கும் இடத்தில் முள் ஏறியது. வீட்டைச் சுற்றி உள்ளே வந்து நடைபாதைக்கு இந்தப் பக்கம், அதே சுவருக்கு எதிரே இருந்த அறையிலும் பார்த்தார். அங்கும் முள் லேசாக அசைந்தது. அந்த இடத்துக்கு நேராக யுவராணியின் கட்டில் கிடந்தது. அசைவு மிகச் சிறியது. சாதாரணமாக இந்த ஊர்ப் பாறைமேல் உட்கார்ந்தாலே அவ்வளவு அசையும் என்பது அவருக்குத் தெரியும். தெரிந்தும் ஓடு ஒழுகுகிறது என்று சொல்லிக் கட்டிலை எதிர்ச்சுவருக்கு நகர்த்தினார். ஏப்ரல் வெயிலில் ஒழுகும் ஓட்டைத் தன் வாழ்நாளில் பார்த்ததில்லை என்று தீர்த்தம்மாள் சிரித்தாள். யுவராணியும் சிரித்தாள். அர்ச்சுனன் கட்டிலை இன்னும் ஒரு அடி நகர்த்தினார்.

காலையும் இரவும் மனைவிக்குச் சோறு அவரே வாசற்படியில் வைத்தார். மதியம் அம்மா வைத்துவிட்டுத் தள்ளி நின்றுகொள்வாள். அவர் வேலைக்குக் கிளம்பும்போது சாப்பாட்டுப் பையில் ஒரு கொத்து வேப்பிலை இருக்கும். அம்மன் இறங்கிய வீட்டிலிருந்து வெளியே போகிறவர் வெறுங்கையாகப் போகக் கூடாதாம். அதை அவர் எடுத்துப் போடவில்லை. பொய் சொன்னவருக்கு அதன் சடங்குகளை மறுக்க உரிமை இல்லையே.

கலைமதி வந்த ஏழாம் நாள் அது நடந்தது. முந்தின நாள் மதியம் பெட்டிக்குள் வைத்த, அந்த வாரத்தின் முதல் கிண்ணத்தின் கணக்கு காலையில் முடிந்திருந்தது. திரையில் சீசியத்துக்குரிய இடத்தில் வழக்கமான மேடு. ஆனால் அதற்கு இடது பக்கம், கீழ்க்கோட்டில் முந்நூற்று அறுபத்து நான்கு என்ற எண்ணுக்கு மேல், ஊசி மாதிரி ஒரு கூர் நின்றது. மற்றவர்களுக்குத் தங்கள் ஊர்ப் பஸ்ஸின் எண் தெரிவதுபோல் அவருக்கு அந்த எண் தெரியும். அது அயோடின்.

முதல் கணத்தில் அவர் கடலைத்தான் நினைத்தார். எங்கோ ஏதோ உடைந்துவிட்டது, அந்தக் கரையில் இப்போது யாரோ வலை இழுத்துக்கொண்டிருக்கிறார்கள் என்று. நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டார். அடுத்த கணம் அறிவு வந்தது. அந்த ரசாயனப் பொடி அயோடினைப் பிடிக்காது. தண்ணீர் எடுத்து ஐம்பது நாளுக்கு மேல் ஆயிற்று. அயோடின் எட்டு நாளைக்கு ஒருமுறை பாதியாகிவிடும். இது கடலிலிருந்து வந்திருக்க முடியாது. கடல் நன்றாக இருக்கிறது. இது இங்கிருந்து வந்தது.

கலைவாணன் உள்ளே வந்து திரையைப் பார்த்தார். "என்ன அர்ச்சுனன், கடல் கொந்தளிக்குதா?" என்று கேட்டவர், எண்ணைப் படித்ததும் சிரிப்பை நிறுத்தினார். தைராய்டுக்கு மருந்து சாப்பிட்டவர் யாராவது ஆய்வகத்துக்குள் வந்தார்களா என்று விசாரித்தார். இல்லை என்றார் அர்ச்சுனன். எங்கிருந்து வந்தது என்று கண்டுபிடிக்காமல் அடுத்த கேனைத் தொடக் கூடாது என்று சொல்லிவிட்டு அவர் வகுப்புக்குப் போனார்.

அர்ச்சுனன் கதவைச் சாத்தினார். ஈரமான வடிதாளால் ஒவ்வொன்றாகத் துடைத்தார். துடைத்த தாளைப் பெட்டிக்குள் வைத்து ஐந்து ஐந்து நிமிஷம் எண்ணினார். சட்டையில் ஒன்றும் இல்லை. அவர் கவனமாகத்தான் இருந்தார். மனைவியை விட்டுவந்த பிறகு அவள் அறைக்குள் காலெடுத்து வைக்கவில்லை. கதவுப் பிடியில் கொஞ்சம். கிண்ணத்தின் வெளிப்புறத்தில் கொஞ்சம். தன் வலது கையில் அதைவிட அதிகம். சாப்பாட்டுப் பையின் வாயில் இன்னும் அதிகம். கடைசியில் வேப்பங்கொத்தை இடுக்கியால் எடுத்துப் பெட்டிக்குள் போட்டார். ஐந்து நிமிஷம் தேவைப்படவில்லை. பத்து வினாடியில் அந்தக் கூர் திரையின் உச்சியைத் தொட்டது.

மரத்திலிருந்து ஒடித்த இலையில் இது இருக்காது. இது கலைமதியின் உடம்பில் பட்ட இலை. அவள் படுத்து வியர்த்த இலை. அதை யாரோ அறைக்குள் போய் எடுத்து வந்திருக்கிறார்கள், ஏழு நாளாக. அம்மா போயிருக்க மாட்டாள். அவளுக்கு அம்மை போட்டதே இல்லை. ஒட்டிக்கொள்ளும் என்று வாசற்படியைத் தாண்ட மாட்டாள். அப்படியானால் யார் என்ற கேள்விக்கு வீட்டில் ஒரே ஒரு பதில்தான் மிச்சம் இருந்தது. அவர் டிடெக்டரை நிறுத்தவில்லை, விளக்கை அணைக்கவில்லை. இண்டூர் பஸ்ஸுக்கு ஓடினார்.

கொல்லையில் கூட்டம். மஞ்சளும் வேப்பிலையும் போட்ட அண்டா வெயிலில் காய்ந்துகொண்டிருந்தது. பக்கத்து வீட்டுப் பெண்கள் இருவர் நின்றார்கள். தலைக்குத் தண்ணீர் ஊற்றும் நாள் என்று அம்மா குறித்துவைத்திருந்ததை அவரிடம் யாரும் சொல்லவில்லை. ஆண்களிடம் சொல்லும் விஷயம் அல்ல அது. அறைக்குள்ளிருந்து கலைமதி கத்திக்கொண்டிருந்தாள்: வராதே, கிட்ட வராதே, போய்விடு. ஆத்தா கோபத்தில் பேசுகிறாள் என்று சொல்லிப் பக்கத்து வீட்டுப் பெண்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். வாசற்படியில் ஒரு காலை வைத்துக் கையில் சொம்போடு யுவராணி நின்றிருந்தாள்.

"எறங்கும்மா" என்றார் அர்ச்சுனன். "இந்த எல எல்லாம் யாரு மாத்தறது?"

"நான்தான் மாமா." அவளுக்கு அதில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது. "எனக்கு ஏழு வயசுலயே போட்டு எறங்கிருச்சு, மறுக்கா வராதுங்க. அம்மையே போடாத அத்தைய எப்படி உள்ள வுடறது? அக்கா இருந்தா கிட்ட சேக்க மாட்டேங்குது. குளிக்கப் போற நேரமா பாத்து, பழசெல்லாம் வாரிட்டுப் புதுசு போட்ருவேன். அத்தை போடறதுன்னு அது நெனச்சுக்குது. வார்றப்ப உங்க பையிலயும் ஒரு கொத்து. அம்மன் மேல பட்ட எலைதான் காவல்னு அத்தை சொன்னாங்க."

இதுதான் அவர் யோசிக்காமல் விட்டது. அம்மை கண்ட வீட்டில் பணிவிடை செய்ய, ஏற்கெனவே அம்மை கண்டு எழுந்த ஒருவர் வேண்டும். அந்த வீட்டில் அப்படி இருந்தவள் யுவராணி மட்டும்தான். யாரைத் தள்ளி நிறுத்துவதற்காக அந்தப் பொய்யைச் சொன்னாரோ, அந்தப் பொய் அவளையே கையைப் பிடித்து உள்ளே கூட்டிப் போயிருந்தது.

பக்கத்து வீட்டுப் பெண்களைப் போகச் சொன்னார். பிறகு கொல்லையில் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். அம்மை இல்லை, புற்றுநோய். மாத்திரை. வியர்வை. இலை. ஒவ்வொரு சொல்லையும் கையில் கொஞ்ச நேரம் வைத்திருந்து கீழே வைப்பவர்போலச் சொன்னார் என்று கலைமதி பிற்பாடு சொல்லியிருக்கிறாள். அவள் அறைக்குள் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

தீர்த்தம்மாள் மருமகளின் நோயைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. "அம்மன் பேரச் சொல்லியா பொய் சொன்ன?" என்று மட்டும் கேட்டாள். பதிலுக்குக் காத்திருக்காமல் வீட்டுக்குள் போய்விட்டாள்.

யுவராணி சொம்பைக் கீழே வைத்தாள். தொட்டிக்குப் போய்க் கையைக் கழுவினாள். சோப்புப் போட்டு, சாம்பல் போட்டு, மறுபடி சோப்புப் போட்டுக் கழுவினாள். பிறகு ஈரக் கையை உடம்பிலிருந்து விலக்கிப் பிடித்துக்கொண்டு, "இந்தக் கையாலதான மாமா சாப்ட்டேன்" என்றாள்.

வாய்வழியாகப் போயிருந்தால் அது கழுத்துச் சுரப்பியில் போய்த் தங்கும். ஐந்தாம் மாதக் குழந்தைக்கும் அந்தச் சுரப்பி வந்திருக்கும். அதுவும் தன் பங்கைத் தாயிடமிருந்து இழுத்துக்கொள்ளும். அர்ச்சுனனுக்கு இது தெரியும். அவர் அதைச் சொல்லவில்லை. சொல்லாததை அவர் முகத்திலிருந்து யுவராணி எடுத்துக்கொண்டாள்.

அன்று சாயங்காலமே ஆஸ்பத்திரிக்குப் போன் செய்தார். கதிர்வீச்சுக் கணக்குப் பார்க்கும் அதிகாரி பொறுமையாகக் கேட்டார். இலையைத் தொட்டதால் போயிருக்கக்கூடிய அளவு மிகக் குறைவு, அதனால் கெடுதல் வந்ததாகச் சொல்ல எந்தக் கணக்கும் இடம் தராது என்றார். ஒருவேளை போயிருந்தால் இப்போது அதை எடுக்க வழி இல்லை. தடுப்பு மருந்து கொடுக்கும் நேரம் எப்போதோ கடந்துவிட்டது. அளந்து பார்த்தால் மனநிம்மதி என்றால் கூட்டி வரலாம், அளந்த பிறகு செய்வதற்கு ஒன்றும் இருக்காது. அந்த அதிகாரி சொன்னதில் ஒரு சொல்கூடத் தவறில்லை. ஆனால் அர்ச்சுனனைப் போன்ற ஒருவருக்கு அது எந்த வகையிலும் உதவவில்லை. இரவெல்லாம் "மிகக் குறைவு" என்பதற்கு அடியில் இன்னும் எவ்வளவு ஆழம் இருக்கிறது என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார்.

நாகப்பட்டினத்திலிருந்து ராஜா திரும்பி வந்தான். மனைவியை மாரண்டஹள்ளியில் அவளுடைய அம்மா வீட்டில் கொண்டுபோய் விட்டான். அளக்கவே வேண்டாம் என்பது அவன் கட்சி. தெரிந்து என்ன செய்யப் போகிறோம், மிச்ச நாலு மாசத்தையும் அந்த எண்ணோடு எப்படித் தள்ளுவது என்று கேட்டான். அவன் படிக்காதவன், ஆனால் அந்தக் கேள்வியை எளிதில் தள்ளிவிட முடியாது. யுவராணி அதற்கு இணங்கவில்லை. மூன்றாம் நாள் அர்ச்சுனனுக்கு அவளே போன் செய்தாள்.

"அளந்து சொல்லுங்க மாமா. பெங்களூருல்லாம் வேணாம். நீங்கதான் அளக்கணும்."

"அங்க நெல்ல மிசினு இருக்குதும்மா. அவங்களுக்குத்தான் இதுல பழக்கம்."

"வெளியாளு சொன்னா எனக்கு நெசமா பொய்யான்னு தெரியாது. நீங்க ஒரு வாரம் பொய் சொன்னீங்க, மறுநாள்ல இருந்து பாதிச் சோத்துலயே எந்திரிச்சுப் போனீங்க. நான் பாத்துட்டுத்தான இருந்தேன்."

ஞாயிற்றுக்கிழமை கல்லூரி காலியாக இருந்தது. கலைவாணனிடம் அதற்குள் எல்லாவற்றையும் சொல்லியிருந்ததால் அவர் ஒன்றும் கேட்காமல் சாவியைக் கொடுத்திருந்தார். ராஜா வேனை மரத்தடியில் நிறுத்திவிட்டு இறங்காமல் உட்கார்ந்திருந்தான். யுவராணி இரண்டு முறை குளித்து, துவைத்துக் காயவைத்த புதுச்சேலை கட்டி வந்திருந்தாள். தன் கையை எதன்மேலும் வைக்காமல் நடக்கப் பழகியிருந்தாள்.

அர்ச்சுனன் மேலே மூடியிருந்த ஈயக் கட்டிகளை ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார். முதலில் அறையில் அவளில்லாமல் அரை மணி நேரம் எண்ணினார். யாரும் இல்லாதபோது கருவி எவ்வளவு காட்டுகிறது என்று தெரிந்தால்தான் ஒருவர் வந்ததும் கூடியது என்ன என்று தெரியும். பிறகு அவளை உள்ளே கூப்பிட்டு, ஸ்டூலில் உட்காரவைத்து, கழுத்து டிடெக்டருக்குப் பக்கம் வரும்படி முன்னால் சாயச் சொன்னார். திரையைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார். அரை மணி. அடுத்து ஸ்டூலை உயர்த்தி, வயிறு நேராக வரும்படி உட்காரவைத்தார். இன்னொரு அரை மணி. குழந்தைகளுக்கு ஊசி போடும் இடத்தில் தாய்மார்கள் பார்ப்பதுபோல அவள் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். நடுவில் ஒருமுறை, "அசையுது மாமா, பரவால்லீங்களா?" என்று கேட்டாள்.

"அசையட்டும்மா" என்றார்.

எண்ணி முடிந்தது. அவளை வெளியே உட்காரச் சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார். ராஜா வேனிலிருந்து இறங்கி வராந்தாவுக்கு வந்து நின்றான். பத்து நிமிஷமா, இருபது நிமிஷமா என்று பிற்பாடு அவர்களால் சரியாகச் சொல்ல முடியவில்லை. உள்ளே ஈயக் கட்டிகளை மறுபடி அடுக்கும் சத்தம் ஒவ்வொன்றாகக் கேட்டது. பிறகு கதவு திறந்தது.

"ஒண்ணுமில்லம்மா" என்றார் அர்ச்சுனன். "ஒண்ணுமே இல்ல."

யுவராணி அவர் முகத்தை நன்றாகப் பார்த்தாள். எவ்வளவு நேரம் பார்க்க வேண்டுமோ அவ்வளவு நேரம் பார்த்தாள். "சரிங்க மாமா" என்று சொல்லிவிட்டு, கதவுப் பிடியில் கை வைத்து எழுந்து, ராஜாவிடம் குடிக்கத் தண்ணீர் கேட்டாள்.

ஆகஸ்டில் பெண் குழந்தை பிறந்தது. சுசித்ரா என்று பெயர் வைத்தார்கள். பிறந்த வாரமே தைராய்டுச் சோதனை செய்தார்கள், சரியாக இருந்தது. இப்போது நடக்கிறாள், பேசுகிறாள், பெரியப்பாவின் சட்டைப் பையில் கை விட்டுப் பேனாவை எடுத்துக்கொள்கிறாள். கலைமதி வருஷத்துக்கு ஒருமுறை பெங்களூர் போய்ச் சோதித்துக்கொண்டு வருகிறாள். நோய் திரும்பவில்லை. தீர்த்தம்மாள் அம்மன் கோயிலுக்குக் கூழ் ஊற்றித் தன் கணக்கைத் தீர்த்துக்கொண்டாள். மகனோடு பேச இன்னும் ஆறு மாதம் எடுத்துக்கொண்டாள். அர்ச்சுனன் குழந்தையின் கழுத்தைத் தடவிப் பார்ப்பதை வீட்டில் எல்லோரும் கவனித்திருக்கிறார்கள். கொஞ்சுவதாக நினைத்து விட்டுவிடுகிறார்கள்.

ஒன்றைச் சொல்லாமல் இந்த வரலாறு முடியாது. ஆய்வகத்தில் எண்ணும் ஒவ்வொரு கணக்கும் ஒரு வரிசை எண்ணோடு கணினியில் பதிவாகும். கெட்டுப்போன கணக்கையும் அழிக்கக் கூடாது. கரண்ட் போய்ப் பாதியில் நின்றதையும் கிண்ணம் வைக்க மறந்து எண்ணியதையும்கூட அப்படியே வைத்திருக்க வேண்டும். வேப்பிலையின் கணக்கும் அங்கே இருக்கிறது, அதற்கு நேராகப் பதிவேட்டில் "வீட்டிலிருந்து வந்த மாசு" என்று அர்ச்சுனன் கையெழுத்தில் குறிப்பும் இருக்கிறது. அந்த வருஷக் கடைசியில் கலைவாணன் பதிவேட்டைச் சரிபார்த்தார். அந்த ஞாயிற்றுக்கிழமை யாரும் இல்லாத அறையை எண்ணியது ஆயிரத்து நூற்று முப்பத்தொன்று. யுவராணியின் கழுத்தையும் வயிற்றையும் எண்ணிய அடுத்த இரண்டு எண்கள் இல்லை.

கணினிக் கோளாறாக இருக்கும் என்று கலைவாணனே சொல்லிப் பார்த்தார். இல்லை, தான்தான் அழித்ததாக அர்ச்சுனன் சொன்னார். ஒன்றும் இல்லாத கணக்கை எதற்கு அழிக்க வேண்டும் என்று கலைவாணன் கேட்டார். அர்ச்சுனன் பதிவேட்டைத் தன் பக்கம் இழுத்து, அந்த இரண்டு எண்களுக்கும் நேராகக் கோடு போட்டு, தேதி எழுதி, கையெழுத்து வைத்துத் திருப்பிக் கொடுத்தார்.